விலகிப் போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்தொழில்நுட்ப வட்டாரங்கள் எப்படி வளர்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலம், வரிச்சலுகை, தடையில்லா மின்சாரம் என்று எல்லாம் இருந்தது. வேலை பார்க்கிற ஆட்களைத்தான் காணவில்லை.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பான டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி, 1956-இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் சிலிக்கான் போன்ற குறைக்கடத்திகளைக் கொண்டு மின்னணு உறுப்புகள் செய்யும் ஆய்வகம் தொடங்கினார். மேதைதான், ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. மறு ஆண்டே எட்டுப் பேர் மொத்தமாகக் கிளம்பிப் போய் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். துரோகிகள் என்ற பட்டம் இன்றுவரை அவர்களை விடவில்லை. அந்த எட்டுப் பேரில் ராபர்ட் நாய்சும் கோர்டன் மூரும் 1968-இல் அங்கிருந்தும் விலகி, சிப் தயாரிக்கும் இன்டெலைத் தொடங்கினார்கள். ஃபேர்சைல்டிலிருந்து இப்படிப் பிரிந்த கம்பெனிகள் இன்னும் பல. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறோமே, அது பெருமளவு இப்படிக் கிளை பிரிந்து வளர்ந்ததுதான்.

இதற்குச் சட்டமும் வழிவிட்டது. வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதினாலும் கலிஃபோர்னியாவில் செல்லாது. அந்த விதி 1872-இலிருந்தே இருக்கிறது. சிலிக்கானை மனத்தில் வைத்து எழுதியதல்ல, தற்செயலாகக் கைகொடுத்தது. மாசசூசெட்ஸில் 128-ஆம் எண் சாலையோரம் இருந்த கணினி நிறுவனங்களுக்கு, ஆட்கள் போட்டியாளரிடம் போய்விடுவார்களே என்ற நெருக்கடி அவ்வளவாக இல்லை, அங்கே அத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும். அவை செய்த மினி கணினிகளின் (அந்தக் காலத்து நடுத்தர அளவுக் கணினிகள்) சந்தை சரிந்தபோது அந்த வட்டாரமும் தளர்ந்தது. இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

தைவானின் சின்ச்சுவில் அரசே எல்லாம் செய்யவில்லையா என்று கட்டுரையாளர் கேட்கலாம். செய்தது. 1980-இல் அறிவியல் பூங்காவும் அமைத்தது. ஆனால் 1973-இல் தொடங்கிய அரசு ஆய்வு நிறுவனத்தில் தொழில் கற்றவர்களைப் பிடித்து வைக்காமல், தொழில்நுட்பத்தோடு சேர்த்தே வெளியே அனுப்பியதே. சிப் தயாரிக்கும் யுஎம்சி நிறுவனம் அப்படி வந்தது, அப்புறம் 1987-இல் அதே தொழிலில் டிஎஸ்எம்சி.

நானும் ஒரு காலத்தில் அப்படியொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அது நீதிமன்றத்தில் நிற்குமா என்று விசாரிக்கக்கூடத் துணிவு வரவில்லை, பேசாமல் அங்கேயே இருந்துவிட்டேன். அடுத்த கட்டுரைக்குச் செல்லும்போது உங்கள் நிருபர் கட்டடங்களைப் படம் எடுத்த கையோடு, உள்ளே இருப்பவர்களின் பணி ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர் ஒருவர்