மொரப்பூர் என்று தட்டிப் பார், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

லோரம் இப்சம் என்ற லத்தீன் நிரப்பு எழுத்தை ஊற்றிய உன் பயிற்சிப் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. அதே பெட்டிகளில் தமிழ்க் கட்டுரையை ஒட்டியதும் வரிகள் ஒன்றையொன்று இடித்து, நடுநடுவே ஓட்டை விழுந்து, பக்கமே கசங்கிப்போனது என்று எழுதியிருந்தாய். பக்கத்தைப் பிரிக்கும் கட்டக் கோடுகளில், அதாவது கிரிட்டில், தப்பில்லை. நீ போட்ட அளவுகள் ரோமன் எழுத்துக்கு எடுத்தவை. தமிழுக்குத் திரும்ப அளவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவெடுக்க நம்ம தர்மபுரிப் பக்கத்து மொரப்பூரின் பெயரே போதும். எந்த ஃபான்ட் கைக்கு வந்தாலும் முதலில் 'மொரப்பூர்' என்று 11 பாயின்ட்டில் தட்டிப் பிரின்ட் எடுத்துப் பார். ஐந்தே எழுத்துதான். 'மொ'வின் காலும் அடுத்து வரும் 'ர'வும் ஒட்டி நிற்கின்றன. ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் வால் தெளிவாக இல்லாவிட்டால் இரண்டு கால் வரிசையாக நிற்பதுபோல் தெரியும். படிப்பவர் அங்கே ஒரு கணம் தடுக்குவார். அடுத்து, 'ப்' தலையில் புள்ளி. 'பூ' வரிக்குக் கீழே இறங்குகிறது. கீழ்வரியில் 'கிருஷ்ணகிரி' என்று தட்டு. மேல்வரியின் 'பூ' இறங்குகிற இடத்தில் கீழ்வரியின் 'கி' தன் கொக்கியைத் தூக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாகப் போடும் லீடிங் (வரிக்கும் வரிக்கும் உள்ள தூரம்) எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 11 பாயின்ட்டுக்கு 13.2. அதில் இரண்டும் உரசும். 15.5, 16 என்று ஏற்றிக்கொண்டே போ. உரசல் நின்று, வரிகள் இன்னும் தனித்தனியாகப் பிரிந்துபோகாத இடத்தில் நிறுத்து. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களுக்கு அது 140 முதல் 150 சதவீதத்துக்குள் அமையும்.

இதெல்லாம் மென்பொருள் எழுத்தை ஒழுங்காகக் கோத்தால்தான். 'மொ'வின் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் ஒன்று கூடவே முளைத்தாலோ ஃபான்ட்டைத் திட்டாதே. பாராகிராஃப் பேனலின் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடு. ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிடு. இன்டிசைனுக்குக் காசில்லை என்றால் ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும்.

இனி வரியின் நீளம். வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 'தேன்கனிக்கோட்டை' என்பதை எண்ணிப் பார். நம் கணக்கில் 8 எழுத்து. யூனிகோடு கணக்கில் 15 குறிகள். எந்த எண்ணிக்கையை எடுப்பாய்? இரண்டையும் விடு, சொல்லை எண்ணு. புத்தக வரியில் 5 முதல் 7 சொல் வந்தால் கண் களைக்காது.

டெமி 1/8 புத்தகம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பக்கம் 140க்கு 216 மில்லிமீட்டர். பைண்டிங் பக்கம் 20, வெளிப்பக்கம் 15, மேலே 18, கீழே 22 விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 105க்கு 176. ஒரு பாயின்ட் 0.353 மில்லிமீட்டர், ஆக உயரம் சுமார் 499 பாயின்ட். 16 பாயின்ட் லீடிங்கில் 31 வரி, 496 பாயின்ட். மீதி 3 பாயின்ட்டைக் கீழ் மார்ஜினில் சேர்த்துவிடலாம். எழுத்துகள் உட்காரும் அடிக்கோடுகளான பேஸ்லைன் கிரிட்டையும் 16-க்கே வை. தலைப்புக்கு 24 பாயின்ட் எழுத்து என்றால் லீடிங் 32. அப்போதுதான் எதிரெதிர்ப் பக்கங்களின் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்கும். பைண்டிங் பக்கத்து 20-ஐத் திருடாதே. முதுகில் பசை ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுக்க விரியாது. முதல் எழுத்து முதுகுக்குள் போய்விடும்.

ஓட்டை விழுவது ஜஸ்டிஃபை செய்வதால், அதாவது வரியின் இரு ஓரத்தையும் சீராக்குவதால். காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான். வரியில் 5 சொல், நடுவே 4 இடைவெளி. அடுத்த சொல் 70 பாயின்ட் அகலம், மயிரிழையில் வரிக்குள் ஏறாமல் கீழே இறங்கியது என்று வை. அந்த 70-ஐ 4 இடைவெளியும் பங்கு போட்டால் ஆளுக்கு 17.5. இயல்பான இடைவெளியே 3 பாயின்ட் அளவுதான்! ஆங்கிலத்தில் குட்டிச் சொற்கள், வரிக்குப் பத்து இடைவெளி. அங்கே இது கண்ணில் படாது. ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியில் சொல் இடைவெளி குறைந்தது 80, இயல்பு 100, அதிகம் 133 சதவீதம் என்றே இருக்கட்டும். எழுத்து இடைவெளி மூன்றும் பூஜ்யம். அதைத் திறந்துவிட்டால் 'கோ'வின் கொம்பு, ககரம், கால் மூன்றும் ஆளுக்கொரு திசையில் நகரும். எழுத்துகளை மொத்தமாக நெருக்கி விலக்கும் டிராக்கிங்குக்கும் இதே எச்சரிக்கை. சொல்லை உடைக்கலாம், நாளிதழின் ஒடுக்கமான நெடுவரிசையில் ஹைஃபன்கூட இல்லாமல் உடைக்கிறார்கள். ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரித் தொடக்கத்தில் வரக் கூடாது: 'தேன்கனிக்' என்று நிறுத்தி 'கோட்டை'யைக் கீழே இறக்கு. நெடுவரிசை 60 மில்லிமீட்டருக்குள் சுருங்கினால் ஜஸ்டிஃபையே வேண்டாம். இடப்பக்கம் மட்டும் சீராக வை, வலப்பக்கம் ஏறி இறங்கட்டும்.

எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்காதே. தமிழ் அச்சில் இட்டாலிக் மரபு இல்லை; மேற்கோள் குறியோ வேறு கனமோ அந்த வேலையைச் செய்யும். கனம் வேண்டும் என்று அவுட்லைன் ஏற்றினால் புள்ளியின் நடு ஓட்டை அடைபட்டுவிடும். அனெக் தமிழ் போன்ற வேரியபிள் ஃபான்ட்டில் கனத்தையும் அகலத்தையும் தனித்தனியாக நகர்த்தலாம். நோட்டோ செரிஃப், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவற்றிலும் பல கனங்கள் உண்டு, எல்லாம் இலவச உரிமத்தில். புள்ளி வளையமா, நிறைந்த பொட்டா என்றும் பார்த்து வை. மாம்பழ அட்டைப்பெட்டியின் நெளி காகிதத்தில் மை பரவும். சின்ன வளையம் எப்படியும் பொட்டாகிவிடும். அங்கே முதலிலிருந்தே பொட்டு நல்லது.

ஊரில் வேலை எடுத்தால் மேட்டர் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில்தான் வரும், கூடவே பழைய பேஜ்மேக்கர் ஃபைலும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே லேஅவுட்டில் கை வை. மாற்றியதும் மேற்கோள் குறி, எண்கள், 'ஸ்ரீ', 'ௌ' நான்கையும் தேடிப் பார். 'கௌ'வுக்குக் கொம்பு, ககரம், பக்கத்தில் ஒரு 'ள' என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாது, ஃபான்ட் மாற்றினால் வேஷம் கலைந்துவிடும்.

ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நோட்டீஸ் கேட்பார்கள். நீ படிக்கும் கல்லூரியில் இந்தப் பாடம் இருக்கிறதோ என்னவோ, அங்கே தெருவிலேயே இருக்கிறது. 'கிருஷ்ணகிரி'யைத் தமிழில் எழுதினால் ஷகரமும் ணகரமும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். கன்னடத்தில் ணகரம் ஷகரத்தின் காலடியில் தொங்கும், தெலுங்கிலும் அப்படியே. தமிழுக்கு வைத்த லீடிங்கில் அந்தக் காலடி எழுத்து கீழ்வரியின் தலையில் இடிக்கும். அதனால் மிக ஆழமாக இறங்கும் எழுத்துக்கு லீடிங்கை முதலில் முடிவு செய். மற்ற இரண்டையும் அதே லீடிங்கில் ஓட்டி, எழுத்தளவை மட்டும் அரைப் பாயின்ட் கூட்டிக் குறைத்து மூன்றும் ஒரே கனமாகத் தெரியும்படி செய்.

பிரஸ்ஸுக்கு அனுப்புமுன் எழுத்தின் கறுப்பைப் பார். வேர்டிலிருந்து வந்த கறுப்பு நான்கு நிறமாக உடைந்திருக்கலாம். பிளேட் ஒரு நூல் விலகினாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு நிழல் விழும். 100 சதவீதம் கறுப்பு மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். ஓரம் வரை படம் போனால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி விடு, அதுதான் பிளீட். பக்கம் 16-இன் மடங்காக வந்தால் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) வீணாகாது. 68 பக்கத்தில் நின்றால் அந்த 4 பக்கத்தைக் குறைக்க வழி தேடு. ஃபான்ட்டை கர்வ்ஸாக, அதாவது எழுத்தாகத் திருத்த முடியாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றச் சொன்னால் பிரதியில் மாற்று, மூல ஃபைலில் வேண்டாம்; பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கும்போதுதான் யாராவது ஒருவர் மொரப்பூருக்கு ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பார்.

அன்புடன்,
அக்கா