இரண்டு பேர் வேண்டாம் என்றார்களாமே

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல் படம். தூக்கம் வருகிறதா என்று கேட்டாலும் கட்டைவிரல் படம். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு "பையன் ஜாலியா இருக்கான்" என்கிறார். அவருக்கு எப்போது எது உறைத்திருக்கிறது!

இதை நானே போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அடிக்கிறேன். உன் அக்காவிடம் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் அடித்திருப்பாள், பதினோராவது நிமிஷம் பெரம்பூருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. அந்த அண்டார்டிகா ஸ்டேஷனில் உன் மெயிலை வேறு யாராவது பார்ப்பார்களோ என்னவோ. ஆகவே உன் ரத்த ஆராய்ச்சிக்கு வேண்டாம் என்ற அந்த இரண்டு பேரைப் பற்றி நான் உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. படித்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம்: மாடியில் தண்ணீர் ஒழுகியதை ஒருவழியாகப் பூசியாயிற்று. உன் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிந்தது, நடக்கிறாள், புலம்பலும் நிற்கவில்லை. போன வாரம் அவளைப் பார்த்துவிட்டு ஐஸ் ஹவுஸ் வழியாகத்தான் வந்தேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து வைக்கக் கட்டிய இடம் அது. அத்தனை தூரத்திலிருந்து ஐஸை இறக்குமதி செய்த ஊர், இப்போது உன்னை ஐஸுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறது. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சரி, அது போகட்டும்.

நீ கிளம்பும் முன் ஒரு ரஷ்ய டாக்டர் கதை சொன்னாயே, ரோகசோவ். 1961இல் அண்டார்டிகாவில் குடல்வால் வீங்கி, ஸ்டேஷனில் வேறு டாக்டர் இல்லாததால், ஒருவர் கண்ணாடி பிடிக்கத் தன் வயிற்றைத் தானே அறுத்துக்கொண்டவர். அப்போது அவருக்கு 27 வயது. அதை நான் ரிட்டயர் ஆனவர்கள் கூட்டத்தில் சொல்லி, என் மகனும் இப்போது அங்கேதான் ஒற்றை டாக்டர் என்று பீற்றிக்கொண்டேன். பழைய ஹெட் நர்ஸ் அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ராத்திரி படுத்தபோது மட்டும் வேறொன்று தோன்றியது. அவர் அறுத்தது தன் வயிற்றை. அதற்கு அவர் யாரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் பைர்ட் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 1934இல், சூரியனே வராத மாதங்களில், முகாமிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு குடிலில் தன்னந்தனியாக இருந்திருக்கிறார். அடுப்புப் புகையும் ஜெனரேட்டர் புகையும் வெளியே போகாமல் கார்பன் மோனாக்சைடு ஏறி, சாகக் கிடந்தார். ரேடியோவில் மட்டும் தனக்கு ஒன்றுமில்லை என்றே காட்டிக்கொண்டார். தன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த இருட்டில் கிளம்பி யாரும் செத்துவிடக் கூடாது என்று. ஆனால் அவர் அனுப்பிய செய்திகள் கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து முகாமில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். நான் சொல்ல வந்தது புகைக்குழாயைப் பற்றித்தான். பனி அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல். கட்டைவிரல் படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அலாஸ்கா விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். 1955 முதல் 1957 வரை அமெரிக்க விமானப்படையின் ஆர்க்டிக் மருத்துவ ஆய்வுக்கூடம் ஒரு ஆராய்ச்சி நடத்தியது. மனுஷன் குளிருக்குப் பழகுவதில் தைராய்டுக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் 102 பேருக்கும் ராணுவத்தார் 19 பேருக்கும் கதிரியக்க அயோடின் 131 கொடுத்தார்கள். பால் கொடுக்கிற தாய்மார்களும் அதில் இருந்திருக்கிறார்கள். என்ன கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று அந்த ஜனங்களுக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. டாக்டர் கொடுக்கிறார், நம் உடம்புக்கு நல்லது என்று நினைத்து வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. கடைசியில் தைராய்டுக்குப் பெரிய பங்கு இல்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். 1996இல் ஒரு கமிட்டி அதைத் திறந்து பார்த்தது. உடம்புக்குக் கெடுதல் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் அவர்களுக்குச் செய்தது அநியாயம் என்று சொன்னது. அந்த இரண்டாவது பாதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ படித்து டாக்டர் ஆனவன், நான் ஊசி போட்ட சிஸ்டர். ஆனாலும் கையெழுத்து வாங்குவது எப்படி நடக்கும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். ஆபரேஷன் அன்று காலை ஃபாரத்தை நீட்டுவோம். பாட்டி அதைப் பார்க்கவே மாட்டாள். "நீ சொன்னா சரி தாயீ" என்று மையில் விரலை அமுக்குவாள். அந்தச் சரி காகிதத்துக்குச் சொன்னது இல்லை. அன்று ராத்திரி தனக்குப் பெட்பேன் வைக்கப் போகிறவள் இவள்தானே என்பதற்காகச் சொன்னது.

நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில், 1986இல், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது இந்தச் சென்னையில்தான். காவல் இல்லத்தில் வைத்திருந்த பெண்களின் ரத்தத்தில். அதனால் நாடே விழித்துக்கொண்டது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறவளிடம் கையை நீட்டு என்றால், நீட்டாமல் என்ன செய்வாள்? உங்களுக்கும் நவம்பரில் விமானம் வரும் வரை பூட்டுதானே.

கேட்கமாட்டேன் என்றேன், முடியவில்லை. ஜூன் 21 அன்று நடுக்குளிர்கால விருந்து என்று பேசினாய். சிரித்துக்கொண்டே பேசினாய். நடுவில் "அந்த பிளட் ஸ்டடி இழுத்துக்கிட்டே போகுதும்மா, ரெண்டு பேர் வேண்டாங்கிறாங்க, லீடர் அதெல்லாம் கான்ட்ராக்ட்ல இருக்குங்கிறார்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "லைன் போகுது" என்றாய். லைன் போகவில்லை குமரா. நீ வைக்கும் வரைக்கும் பின்னால் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கட்டைவிரல்.

மாதாமாதம் எல்லோருக்கும் உடம்பு செக்கப் உண்டு, ரத்தம் எடுப்பேன் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். ஊசி குத்தத்தானே போகிறீர்கள், கூட ஒரு டியூப் நிரப்பினால் என்ன குறைந்துவிடும் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்களோ என்பதுதான் என் பயம். அப்படித்தான் சொல்வார்கள். என் சர்வீஸில் அதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் பெரிய டாக்டர், பெயர் வேண்டாம், உனக்கே தெரியும். வைத்தியத்துக்கு எடுக்கிற டியூப் வேறு, ஆராய்ச்சிக்கு எடுக்கிற டியூப் வேறு. வேண்டாம் என்றவர் காரணம் சொல்லத் தேவையில்லை. சரி என்றவரும் பாதியில் விலகலாம். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐ.சி.எம்.ஆர்., அதன் விதியிலேயே அது இருக்கிறது. தன்னை நம்பி இருக்கிற நோயாளியிடம் டாக்டரே சம்மதம் வாங்கக் கூடாது, சம்பந்தமில்லாத வேறொருவர் வாங்கட்டும் என்று, மனுஷர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதற்கு உலக டாக்டர்கள் எழுதி வைத்த ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறதாமே. அங்கே வேறொருவருக்கு எங்கே போவாய்? ராத்திரி பல்வலி என்றாலும் உன்னிடம்தான் வருவார்கள், காலையில் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பதும் நீதான்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெர்மன்காரர்களின் நாய்மயர் ஸ்டேஷனில் 14 மாதம் இருந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து, ஞாபகத்துக்கான இடத்தில் ஒரு பகுதி சுருங்கியிருந்தது என்று 2019இல் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு பயம். தினமும் ஏதாவது புதிதாகப் படி. மலையாளம் கற்றுக்கொள், அங்கேதான் சொல்லித்தர ஆள் இருக்கிறதே.

எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. நீ லீடரை எதிர்த்தால் நவம்பர் வரை அதே மேஜையில் அதே முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். வெளியே போனால் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கிறவரும் அவராக இருக்கலாம். அதனால் சண்டை போடாதே. ஆவடியில் கிடைத்த வேலையில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, நீ கேட்கவில்லை. சண்டை வேண்டாம், எழுதி வை. யார் வேண்டாம் என்றார், என்றைக்குச் சொன்னார், அதற்கு நீ என்ன செய்தாய், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வை. வார்டில் எழுதாத ஊசி போடாத ஊசி, உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். லீடர் சொன்னதையும் எழுது. பிறகு ஆராய்ச்சியை நடத்துகிறவர்களுக்கு நேராக ஒரு மெயில் போடு, இன்னின்ன இரண்டு பேர் விலகிவிட்டார்கள் என்று. ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஒரு நகல். அவர்கள் என்ன பதில் போட்டாலும் சரி, உன் பக்கம் தேதியோடு இருக்கும். எழுதி வை, மறக்காதே.

சுகர் இருக்கிறது என்று சொன்னாயே, சமையல்காரர், அவரும் அந்த இரண்டு பேரில் ஒருவரா? அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார். ரத்தம் கொடுக்க மறுத்ததால் டாக்டர் கோபமாக இருப்பார் என்று நினைத்து, கால் மரத்துப்போனதைக்கூடச் சொல்லாமல் இருந்துவிடுவார் அந்த மனுஷன். நீயே சமையலறைக்குப் போய்க் கேள்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பார், அக்காவும் வருகிறாள். நான் "அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா" என்று மட்டும் கேட்பேன். டியூப் எடுக்கவில்லை என்றால் இருக்காங்க என்று சொல். எடுத்துவிட்டாய் என்றால் லைன் சரியில்லை என்று சொல், நான் அன்று ராத்திரியே மெயில் போடுகிறேன். கட்டைவிரல் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா