பின் சக்கர பிரேக் அறியாமையால் வந்ததல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. அன்றைய கார்களில் பின் சக்கரத்துக்கு மட்டுமே பிரேக் இருந்ததற்குக் காரணம், முன் சக்கரத்திலும் வைக்கலாம் என்று அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களுக்குத் தோன்றவே இல்லையாம். பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டும் தொழிலில் இருக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

முன் சக்கரம் உருண்டால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். அன்று பிரேக்கை இழுத்தது ஆயில் அல்ல, இரும்பு ராடும் கம்பியும்தான். திரும்பும் சக்கரத்துக்கு ராடைக் கொண்டுபோனால் வளைவில் பிரேக் தானாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் வேண்டிய நேரத்தில் தளர்ந்து நிற்கும். ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகப் பிடித்தாலே ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால்தான் பின் அச்சோடு நின்றார்கள்.

சரி, பின் அச்சில் வைப்பதாவது சுலபமா? பிரேக் லீவர் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் நிற்கிறது, அச்சோ பட்டை ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறது. ராடை மாட்டும் இடம் சரியாக அமையாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக் தானே பிடித்துவிடும். இடமும் வலமும் ஒரே அளவு இழுபட வேண்டுமே என்று, நடுவில் நுகத்தடி மாதிரி ஒரு கட்டையை வைத்து அதன் இரு முனையிலிருந்தும் ராடுகளைக் கொண்டுபோனார்கள்.

சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கும் பட்டை பிரேக் முன்னோக்கி ஓடும்போது தானே இறுகும். ஆனால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் அதே பட்டை பிரிந்து கொடுக்கும். அதற்காகவே சில வண்டிகளின் அடியில் தரையில் குத்தி நிற்க ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டார்கள். சேறும் மழைநீரும் பட்டால் பிடி இன்னும் குறையும். 1902-இல் பிரான்ஸின் கார் தயாரிப்பாளர் லூயி ரெனோ, விரிந்து அழுத்தும் வளைந்த கட்டையான ஷூவை டிரம்முக்கு உள்ளே வைத்தது இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் நல்ல பதில். பிரேக் கட்டையின்மேல் பிடிப்புக்காக ஒட்டும் லைனிங்கின் கதை அதற்கும் முந்தியது. 1888-இல் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரோட்டிச் சென்ற, கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், பிரேக் கட்டை தேய்ந்துபோனதும் வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் சொல்லி அதில் தோல் அடிக்க வைத்தார்.

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யையும் பாருங்கள். வலது கோடியில் 'பி' என்று பொறித்த பெடலை மிதித்தால் பிடிப்பது சக்கரம் அல்ல, கியர்பெட்டிக்குள் ஆயிலில் ஓடும் டிரம். அந்தப் பிடி யுனிவர்சல் ஜாயின்ட் என்ற வளையும் இணைப்பு, இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், அச்சு என்று கடந்துதான் பின் சக்கரத்துக்குப் போகும். நடுவில் ஒன்று உடைந்தால் பெடலுக்கு வேலையே இல்லை. அப்போது கைலீவர் ஒன்றுதான் துணை, அது பின் டிரம்களுக்குள் இருக்கும் லைனிங் இல்லாத வார்ப்பிரும்பு ஷூக்களை விரிக்கும். ஒரு வழி போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

குறை இருந்தது உண்மை. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரத்தின் பிடி குறைகிறது, நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் ஆரல்-ஜான்ஸ்டன் கார் நிறுவனம் 1909-லேயே நான்கு சக்கர பிரேக் போட்டுவிட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி பெரோ, திரும்பும் சக்கரத்துக்கும் இழுப்பைக் கொண்டுபோக ஜாயின்ட் வைத்த தண்டு செய்தார். 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நிறுவனம் ஆயில் பிரேக்கே கொண்டுவந்தது. இதையெல்லாம் செய்தவர்களைப் போய் தோன்றாதவர்கள் என்பது நியாயமில்லை.

தொடரின் அடுத்த பகுதியில் அந்த வரியைத் திருத்தி, முடிந்தால் மாடல் டி பின் அச்சின் படத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்