மழையில்லா இடியும் பனங்காட்டுத் தீயும்: தடுப்பு நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்
பனையேறிகள், கரிமூட்டத் தொழிலாளர்கள், மீனவக் குடும்பத்தினர்,
சாயல்குடி, கன்னிராஜபுரம், நரிப்பையூர், மூக்கையூர் சுற்றுவட்டாரம்,
கடலாடி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: கோடையில் மழையின்றி விழும் இடியால் பனங்காடுகளிலும் சீமைக்கருவேலங்காடுகளிலும் தீப்பற்றும் ஆபத்து – முன்கூட்டியே நடவடிக்கை எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடையில் மேற்கே மேகம் கருத்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சந்தோஷம். சில நாள் மழை பெய்யும். சில நாள் இடியும் மின்னலும் மட்டும் வந்துவிட்டு, புழுதி அடங்கும் அளவுக்குக்கூடத் தூறாமல் மேகம் கடலுக்குப் போய்விடும். எங்களுக்குப் பயம் அந்த நாளைப் பற்றித்தான். மழையோடு விழும் இடியில் பற்றும் தீயைப் பெரும்பாலும் மழையே அணைத்துவிடும். மழையில்லா இடியில் பற்றும் தீயை அணைக்க ஒன்றுமில்லை.

மேகத்திலிருந்து மழை இறங்காமல் இல்லை. கீழே காற்று காய்ந்து கிடப்பதால் பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. அப்படி ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, தரையில் வந்து மோதி நாலா பக்கமும் வீசுகிறது. அதாவது தீப்பொறியும் அதை ஊதிவிடும் காற்றும் ஒரே மேகத்திலிருந்து வருகின்றன. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இத்தகைய இடிமின்னலால் நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பிடித்தது. அதில் பல தீக்கள் ஒன்றுசேர்ந்த ஒரு காட்டுத்தீ மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நம் ஊரில் அவ்வளவு பெரிய காடு இல்லை, உண்மைதான். ஆனால் இங்கே எரியக்கூடியதன் நடுவில்தான் குடியிருக்கிறோம்.

இந்தச் சமவெளியில் உயரமாக நிற்பது பனைதான், அதனால் இடியும் அதன்மேல் விழுகிறது. பதநீருக்காகப் பாளை சீவும் மரத்தைப் பனையேறி மட்டை கழித்துச் சுத்தமாக வைத்திருப்பார். ஏற ஆளில்லாத மரத்தில் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, அடுக்கடுக்காகத் தொங்கிக்கொண்டே இருக்கும். உச்சியில் பற்றினால் எரியும் ஓலை கீழே விழுந்து அடுத்த மரத்துக்கும் முள்ளுக்கும் தாவும். பனையேறிகள் குறையக் குறைய, கழிக்காத மரங்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன. பனைக்கு ஒரே குருத்து. அது வெந்துவிட்டால் மரம் மறுபடி துளிர்க்காது. பதநீர் தரும் பருவத்துக்கு ஒரு பனை வளர எத்தனை வருடம் ஆகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021இல் அரசு அறிவித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். வெட்டாமல் காப்பாற்றிய மரம் தீயில் போகக்கூடாது.

எனவே கோடைக்கு முன்பே, புறம்போக்கிலும் ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும் பனைகளில் காவோலை கழிக்கக் கூலி கொடுத்துப் பனையேறிகளை அமர்த்த வேண்டும். எங்களின் முதல் கோரிக்கை இதுதான்.

அடுத்தது சீமைக்கருவேலம். கண்மாய்களில் ஏலம் எடுப்பவர்கள் பலர் கட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு, முள்ளையும் தழையையும் அங்கேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். பச்சை மரத்தைவிட அந்தக் காய்ந்த குவியல்தான் சீக்கிரம் பற்றும். முழுவதும் அகற்றினால்தான் ஏலத் தொகையைக் கணக்கு முடிப்போம் என்று நிபந்தனை போடுங்கள். வீடுகளுக்கும் விறகைக் கரியாக்கும் கரிமூட்டங்களுக்கும் முள்காட்டுக்கும் இடையே ஒரு வெற்றுப் பட்டை விடவும் உத்தரவிட வேண்டும். நூறு நாள் வேலையில் இதைச் செய்தாலே போதும்.

அப்புறம் எச்சரிக்கை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி மின்னலை முன்கூட்டியே சொல்கிறது, நல்லது. ஆனால் பனை உச்சியில் இருப்பவர் செல்போன் பார்க்க மாட்டார். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் ஒலிபெருக்கிகளில் உடனே அறிவிக்க ஏற்பாடு வேண்டும். இடியின்போது கட்டடத்துக்குள் போகச் சொல்கிறார்கள். பதநீர் காய்ச்சும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இருப்பது ஓலை வேய்ந்த விடிலி என்னும் குடிசை ஒன்றுதான், அதுவும் பனை மரத்தடியில். ஆகவே இடி எச்சரிக்கை உள்ள மாலைகளில் பள்ளிக்கூடங்களையும் புயல் பாதுகாப்பு மையங்களையும் திறந்து வைக்க வேண்டுகிறோம். சாவி யாரிடம் என்று தேடும் நிலை இருக்கக்கூடாது.

கடைசியாக, இடி ஓய்ந்த பிறகான நேரம். இடி விழுந்த மரத்தின் தூரிலோ, பட்டுப்போன கட்டைக்குள்ளோ நெருப்பு வெளியே தெரியாமல் நாள்கணக்கில் கனன்று, காற்று எழும்பும்போது பற்றிக்கொள்ளும். இடி விழுந்த இடத்தைப் பற்றி மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077இல் சொன்னால் பதிவு செய்து, தீயணைப்புத் துறையோ கிராம நிர்வாக அலுவலரோ சில நாட்களுக்குத் தொடர்ந்து வந்து பார்க்கும் முறை தேவை. இதற்குப் பெரிய செலவில்லை. இப்போதைக்கு, ஆள் உயிருக்குச் சேதமில்லை என்றால் யாரும் வந்து பார்ப்பதில்லை.

பாளை சீவும் காலம் தொடங்கும் முன் காவோலை கழிக்கும் வேலையாவது நடந்துவிட வேண்டும் என்பதால், தாங்கள் உரிய துறைகளுக்கு விரைவில் உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மரங்களைக் கணக்கெடுக்க அலுவலர்கள் வந்தால் கூடவே நடந்து காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மேற்கண்ட ஊர்ப் பொதுமக்கள்
இடம்: சாயல்குடி