சத்தியமங்கலம் சந்தையில் எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

சத்தியமங்கலம் சந்தைக்கு வரும் பெரியோர்களுக்கும் வியாபாரிகளுக்கும், கடம்பூர் மலையிலிருந்து இறங்கிவந்து கடைபோடும் ஊராளிப் பழங்குடிப் பெண்களின் வணக்கம்.

புளி, நெல்லி, சீகைக்காய், பூந்திக்கொட்டை, சீமாற்றுப் புல், தேன் என்று காடு தருவதைச் சேகரித்து விற்பது எங்களுக்குப் புதிய தொழிலன்று. ஆனால் நெடுங்காலமாக, மலைக்கே வந்து வாங்கிச் சென்ற தரகர்கள்தாம் எடையையும் விலையையும் முடிவுசெய்தார்கள். அவர்களிடம் முன்பணம் வாங்கியிருந்த வீடுகளில் பேரம் பேச வாய் எழாது. அதே மூட்டைகளை நாங்களே சந்தையில் இறக்கி விற்கும் துணிவு, உங்களில் சிலரால் வந்தது.

முதலில் வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். மரபாகச் சேகரித்துவரும் சிறு வனப்பொருள்களை எடுக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எங்களுக்கு உரிமை தருகிறது என்பதையும், 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அவற்றைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே வழங்கலாம் என்பதையும் அவர் ஊர்க்கூட்டத்தில் வரிவரியாகப் படித்து விளக்கினார். 2013இல் எங்கள் காடு புலிகள் காப்பகமான பிறகு, மூட்டையோடு சோதனைச்சாவடியைக் கடக்கவே அஞ்சியிருந்தவர்கள் நாங்கள்.

தராசுக் கடைக்காரர் மின்னணுத் தராசைத் தவணைக்குக் கொடுத்ததோடு நில்லாமல், ஆண்டுதோறும் அதற்கு முத்திரை பெற வேண்டும் என்று சொல்லி, முத்திரை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் உடன்வந்தார். அந்தத் தராசில் எங்கள் புளியை நாங்களே எடைபோட்ட அன்றுதான், மூட்டைக்கு எவ்வளவு இழந்துவந்தோம் என்பது தெரிந்தது. அன்று எங்களில் மூத்தவர் ஒருவர் ஒரே மூட்டையைத் திரும்பத் திரும்ப நிறுக்கச் சொன்னதையும் கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம் விரிப்பைச் சுருக்கி இடம் கொடுத்த கீரைக்கார அம்மாவுக்கும், சீட்டுத் தராமல் சுங்கம் கேட்டவரிடம் எங்களுக்காகப் பேசிய வெங்காய வியாபாரி அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மலைச் சனம் என்று இரங்கி, விலை கேட்காமல் பணம் நீட்டியவர்களும் உண்டு. அவர்கள் நல்ல மனத்தை மதிக்கிறோம். எனினும், கொட்டை எடுக்காத புளிக்கு இந்த விலையா என்று சண்டைபிடித்துவிட்டு, மறுவாரமும் எங்களிடமே வந்த தாய்மார்களுக்குத்தான் கூடுதல் நன்றி. கொட்டை நீக்கிய புளியைத் தனியே வைத்துத் தனி விலை சொல்லக் கற்றது அவர்களால்தான்.

எங்கள் மூட்டைகளுக்கு முறையாகச் சுமைச் சீட்டுப் போட்டு, கூட்டம் நெரியும் நாளிலும் இறக்கிவிடாமல் கொண்டுவந்து சேர்த்த கடம்பூர்ப் பேருந்தின் நடத்துநர் இப்போது வேறு தடத்துக்கு மாறிவிட்டார். போகும்முன் அவரிடம் நேரில் சொல்ல முடியவில்லை. அவரை அறிந்தவர்கள் இம்மடலை அவரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சந்தைக்கு வரும் கடம்பூர் மலைப் பெண்கள்