கொச்சிக்குச் செல்வோர் கிழமை பார்த்துச் செல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான சுற்றுலாப் பக்கத்தில் கொச்சி நகரைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். கடற்கரைகளும் படகுச் சவாரியும் மீன் உணவும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அந்நகரின் அருங்காட்சியகங்களுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அவை எந்தெந்தக் கிழமைகளில் மூடியிருக்கும் என்ற விவரம் அறவே இல்லை. கொங்கு நாட்டிலிருந்து கொச்சிக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவது இந்த ஒரு காரணத்தால்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் தாங்கள் அறியாததன்று. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பேசி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டு, விடிந்ததும் கடலைப் பார்த்துவிட்டு, பகலில் பெரிய மால் ஒன்றுக்குள் புகுந்து குளிர்காற்று வாங்கி, மாலையில் சீன மீன்பிடி வலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் இரவிலேயே திரும்பிவிடுவோம். இடையில் யாரேனும் ஒருவர் அரண்மனை பார்க்கலாம் என்று சொல்லி வண்டியைத் திருப்பினால், அன்று வாராந்திர விடுமுறை என்ற பலகைதான் வரவேற்கும். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். திருப்பூணித்துறையில் உள்ள ஹில் பேலஸ் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கொச்சிக்கு வடக்கே உள்ள பரவூர் (வடக்குப் பரவூர்) வட்டாரத்தில் கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் கீழ் நடக்கும் அருங்காட்சியகங்களுக்கும் திங்கள்தான். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் உள்ள பரதேசி ஜெப ஆலயமோ சனிக்கிழமையிலும் யூதர்களின் பண்டிகை நாட்களிலும் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஆக, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களை விட்டால் எல்லாம் திறந்திருக்கும் ஒரே நாள் ஞாயிறு. சனி, ஞாயிறு மட்டுமே விடுப்புக் கிடைப்பவர்கள் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கு வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நல்ல நாளும் இராகு காலமும் பார்த்துப் புறப்படும் நாம் இந்தக் கிழமைக் கணக்கை மட்டும் ஏன் பார்ப்பதில்லை என்று தெரியவில்லை.

பருவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில் என்பதால் பலர் அம்மாதக் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. அதற்கு முன்பே கோடைமழை பிடித்துக்கொள்வதும் உண்டு. வெயில் காயும் கடற்கரையை எதிர்பார்த்துப் போனவர்கள் விடுதி அறையில் அமர்ந்து மழையை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார்கள். டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய உள்ள மாதங்களே ஏற்றவை. அப்போதும் ஈரோட்டு வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்குள்ள வெயிலை எளிதாக எடுத்துக்கொள்ளாது. நம் ஊர்ச் சூடு வறண்ட சூடு; வியர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வெப்பமானியில் அளவு குறைவாக இருந்தாலும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எனவே காலை பத்து மணி வரையிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் கடற்கரை, இடைப்பட்ட நேரம் முழுவதும் அருங்காட்சியகம் என்று பகலைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை. அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் டிசம்பர் 31-ஆம் தேதியை மட்டும் தவிர்ப்பது நல்லது. அன்று நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்னும் பெரிய உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள். கூட்டத்தில் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவும் இடம் இராது.

அடுத்து நான் வற்புறுத்த விரும்புவது பயணத்தின் வரிசையை. எல்லோரும் ஃபோர்ட் கொச்சியில் தொடங்குகிறார்கள். நாம் பரவூரில் தொடங்க வேண்டும். பெருந்துறையைத் தொட்டுக்கொண்டு செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அவிநாசி, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக நேரே கொச்சியின் இடப்பள்ளியில்தான் முடிகிறது. இரயிலில் செல்வோர் ஈரோட்டிலோ திருப்பூரிலோ பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டியைப் பிடித்து ஆலுவாவில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து வடக்குப் பரவூருக்குப் பேருந்துகள் நிறைய உண்டு.

பரவூருக்கும் கொடுங்கல்லூருக்கும் இடையில் பட்டணம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கேரள வரலாற்று ஆராய்ச்சிக் குழுமம் 2007-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய படகுத்துறை போன்ற அமைப்பும், அதன் அருகே ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. சங்க இலக்கியம் சொல்லும் முசிறித் துறைமுகம் இதுதான் என்று ஒரு சாராரும், இன்னும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று வேறு சாராரும் வாதிட்டு வருகின்றனர். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட மணிகளில் பச்சைக்கல்லும் (பெரில்) சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லும் இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான செய்தி.

ஏனெனில் பச்சைக்கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் வெட்டி எடுக்கப்பட்ட கல். அதைப் பட்டை தீட்டித் துளையிட்ட தொழிற்கூடங்கள் எங்கள் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இருந்தன. 1980-களில் தொடங்கிப் பல கட்டங்களாக அங்கே நடந்த அகழாய்வுகளில், பாதி செய்து கைவிட்ட மணிகளும், துளையிடும்போது உடைந்தவையும், வேலை முடிந்து பளபளப்பாக இருந்தவையும் ஒன்றாகவே கிடைத்தன. ஒரு மணி எப்படி உருவாகிறது என்பதை அவற்றை வரிசையாக வைத்தே காட்டிவிடலாம். துளை இரண்டு பக்கத்திலிருந்தும் போடப்பட்டு நடுவில் சந்திக்கும் இடத்தில் விழுந்துள்ள சிறு பிசிறைக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியில் காண முடியும். இப்படிச் செய்யப்பட்ட மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் சென்றன. அதே வழியில் உரோமானியக் காசுகள் கொங்கு நாட்டுக்குள் வந்தன. கோவை, கரூர் வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்த காசுகள் அதற்குச் சான்று. நெடுஞ்சாலையில் வேனில் தூங்கிக்கொண்டே நாம் கடக்கும் கணவாய் இந்தக் கணவாய்தான். பள்ளிச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் வாளையாறு தாண்டும்போதாவது பிள்ளைகளை எழுப்பி இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பரவூர்ப் பக்கம் பார்க்க வேண்டியவற்றுள் சேந்தமங்கலத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் அன்று. கொச்சி மன்னர்களின் முதலமைச்சர்களாக இருந்த பாலியத்தச்சன்மாரின் அரண்மனையும் நாலுகட்டு வீடும் அங்கே அருங்காட்சியகங்களாக உள்ளன. ஊருக்குள் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். சேந்தமங்கலத்துக் கைத்தறி வேட்டியும் செட்டு முண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தறிக்குழிகளுக்குள் சேறு புகுந்து, ஓணத்துக்கென்று நெய்து வைத்திருந்த துணி அனைத்தும் வீணானபோது, அந்தக் கறை படிந்த துணியை வெட்டி 'சேக்குட்டி' என்ற சிறு பொம்மைகளாகச் செய்து விற்று நெசவாளர்களுக்குப் பணம் திரட்டினார்கள். போர்வை நெய்து பிழைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கடற்கரையில் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை அங்குள்ள கூட்டுறவுச் சங்கத்தில் செலவிட்டால், நூல் விலை முதல் கூலி வரை பேசுவதற்கு இரு தரப்புக்கும் நிறையவே இருக்கும்.

பரவூரிலிருந்து செராய் கடற்கரை அருகில்தான். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் காயலுமாக நீளும் அந்தக் கரையில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் வைப்பின் தீவின் வழியாகவே தெற்கே வந்தால், வண்டியோடு ஏறிக்கொள்ளும் ரோ-ரோ படகு முகத்துவாரத்தைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறக்கிவிடும். வந்த வழியே திரும்பி எர்ணாகுளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சியின் கடற்கரை குளிப்பதற்கு ஏற்றதன்று. சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பதற்கும் சீன வலைகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கும் மட்டுமே உரியது. வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் அங்கிருந்து நடக்கும் தூரம். எலும்புகளைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இருந்த இடத்தை மட்டும் காட்டுவார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தனர். டச்சுக்காரர் பின்னர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் செங்காவியும் பச்சையுமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அவ்வறையில் வெளிச்சம் குறைவு. உள்ளே நுழைந்தவுடன் எதுவும் தெரியவில்லை என்று வெளியேறிவிடாமல் கண் பழகும் வரை சற்று நின்றால், உருவங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் தலையை உயர்த்திச் சரவிளக்குகளைப் பார்ப்பவர்கள் காலடியில் உள்ள நீலவண்ணச் சீன ஓடுகளைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள், கையால் தீட்டியவை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்ல வேண்டும்.

திருப்பூணித்துறையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச் முதல் மெட்ரோ இரயில் அதுவரை செல்கிறது. ஹில் பேலஸ் வளாகத்தில் மொத்தம் 49 கட்டடங்கள். நண்பகலில் இடைவேளை விடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

குளிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளைகள் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகியவர்கள். அந்தத் துணிச்சல் கடலில் உதவாது. கேரளக் கரையில் கோடைக் காலத்தில் 'கள்ளக்கடல்' என்று மீனவர்கள் சொல்லும் அலைப்பெருக்கு ஏற்படும். தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயற்காற்றால் எழும் அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து சேர்வதால், கரையில் காற்றும் இராது, மேகமும் இராது. நீர் மட்டும் திடீரென ஏறிவிடும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்க வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த முறை எந்தக் கடற்கரை நகரைப் பற்றி எழுதினாலும் அருங்காட்சியகங்களின் விடுமுறைக் கிழமையையும் திறக்கும் நேரத்தையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுமாறும் ஒரு வரி சேருங்கள். மற்றொன்று, தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கொடுமணல் தொல்பொருட்களுக்காக ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி ரூபாய் மதிப்பில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பணி எந்த நிலையில் உள்ளது என்பதைத் தங்கள் ஈரோடு நிருபர் விசாரித்து எழுத வேண்டும். அது திறக்கும்போது வாராந்திர விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் அமைந்துவிடக் கூடாது என்பதையும் இப்போதே அதிகாரிகளின் காதில் போட்டு வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.