இன்னொரு காலையும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

110 மீட்டர் தடை ஓட்டக்காரர் 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு மாறினால் மூச்சு தாங்காது என்று சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் ஹர்டில்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். மூச்சைப் பயிற்சியில் ஏற்றிவிடலாம். மாட்டிக்கொள்வது கால்தான்.

110 மீட்டரில் இரண்டு தடைகளுக்கு நடுவே 9.14 மீட்டர், மூன்றே ஸ்டெப். பத்துத் தடையிலும் ஒரே கால்தான் முன்னே போகும். வருடக்கணக்கில் அந்தக் கால் மட்டுமே பழகும். 400 மீட்டரில் இடைவெளி 35 மீட்டர். ஸ்டெப் ஒற்றைப்படையாக இருக்கும்வரை அதே கால்தான் முன்னே வரும்; அசதியில் 13 ஸ்டெப் 14 ஆனால் மறு கால் முன்னே வந்தாக வேண்டும். என் மாணவன் ஒருவன், மாவட்ட அளவில் 110 மீட்டரில் முதலாவதாக வந்தவன், 400-ல் ஐந்து தடைகளைப் பறந்து தாண்டினான். ஆறாவதுக்கு முன்னால் குட்டிக் குட்டி ஸ்டெப்பாக வைத்து, கிட்டத்தட்ட நின்றே போனான். "மூச்சு இருக்கு சார், கால் வரல" என்று அழுதான். அந்தக் காலைப் பழக்காமல் விட்டது நான்தான்.

முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. பிரிட்டனின் டேவிட் ஹெமரி 1966 காமன்வெல்த் போட்டியில் 120 கஜத் (கிட்டத்தட்ட 110 மீட்டர்) தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.12 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1970-ல் திரும்பவும் 110 மீட்டருக்கு வந்து காமன்வெல்த் தங்கம்! உகாண்டாவின் ஜான் அகி-புவாவும் 110 மீட்டரில் தொடங்கியவர்தான். பயிற்சியாளர் மால்கம் அர்னால்டு அவரை 400-க்கு மாற்றினார். எந்தக் காலையும் முன்னே போட்டுத் தாண்டுவார். 1972 மியூனிக் இறுதி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது முதல் பாதை, வளைவு மிகக் கூர்மையான பாதை. அதில் ஓடி 47.82 விநாடியில் தங்கம், ஹெமரிக்கு வெண்கலம். இன்றைக்கும் அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கும்.

வளைவில் வலக்கால் முன்னே போனால், பின்னே வரும் இடக்கால் தடைக்கு உள்பக்கமாகச் சுற்றிவிடும் ஆபத்து உண்டு. நடுவர் கண்ணில் பட்டால் தகுதி நீக்கம்தான். ஆகவே இளம் பயிற்சியாளர்களிடம் கேட்கிறேன்: 110-ல் ஜெயிக்கிற பிள்ளையை ஒரே காலில் கட்டிப்போடாதீர்கள். எட்டாம் வகுப்பிலேயே, தடையைத் தாழ்த்தி வைத்து, வளைவில், ஒரு நாள் வலக்கால், மறுநாள் இடக்கால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அவிநாசி.